பக்கிரியின் படகு ஏன் ஓடியது

"என் படகு ஏன் நின்னு நின்னு போவுது?" என்று கேட்டார் பக்கிரி.

தில்லைநாயகி நிமிரவில்லை. யாருடைய கார்புரேட்டரோ அவள் மடியில் பாதி பிரிந்து கிடந்தது.

"எங்க நிக்குது?"

"நடு ஆத்துல."

"அப்ப நடு ஆறு வரைக்கும் ஓடுதுல்ல?"

"ஓடுது."

"ஏன் ஓடுதுன்னு எப்பவாவது கேட்டீங்களா மாமா?"

பக்கிரி தலையைச் சொறிந்தார். மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று அவர் கால் விரலைக் கொத்திப் பார்த்தது, தேறாது என்று விட்டுப் போனது.

சிப்பித்துறையில் தில்லைநாயகிக்கு வாத்தியார் என்று பேர். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. படகுத்துறையில் பூவரச மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டு என்ஜின் பார்க்கிறவள். பக்கிரியின் மகள் பவளமும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

ஒன்று கேட்டால் நேராகப் பதில் சொன்னாள் என்று ஊரில் யாரும் சத்தியம் பண்ண முடியாது. கேட்டவன் கோபித்துக்கொண்டு கிளம்புவான். பாதி வழியில் பதில் தட்டுப்படும். அசடு வழியத் திரும்பி வருவான். அப்படி வந்த பேர்.

"விளையாடாதே தில்லை. வர்ற வெள்ளிக்கிழமை பவளத்துக்கு வளைகாப்பு."

"தெரியும். மாமி வந்து சொல்லுச்சு."

"வளையல் போட்டு நம்ம வீட்டுக்குக் கூட்டியாறணும். தலைப்பிள்ளை. அவ என்னடான்னா, அப்பா படகுலதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். சம்பந்தியம்மா ஒரு போடு போட்டாங்க பாரு. 'உங்க படகு நிக்காம எங்க கரைக்கு வந்து சேரட்டும், அனுப்புறேன். நடுவுல நின்னுச்சுன்னா வேன்லதான் அனுப்புவேன்'னுட்டாங்க."

சம்பந்தி வீடு எதிர்க்கரை நண்டுமேட்டில். இங்கிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தால் அந்த ஊர் வேப்பமரம் தெரியும். சாலை வழி என்றால் பாலத்தைத் தேடி எங்கேயோ போய்ச் சுற்ற வேண்டும். வழி நெடுகப் பள்ளம். பிள்ளைத்தாய்ச்சியை அதில் குலுக்கிக்கொண்டு வர முடியாது.

அதுவும் போக, பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடச் செய்யாவிட்டால் அப்பன் என்று எதற்கு?

"நீ வந்து ஒரு கை வச்சுப் பாத்துடு தில்லை."

"மாட்டேன்."

"ஏன்?"

"நடு ஆத்துல நான் இருக்க மாட்டேனே."

பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீங்க கழட்டுங்க," என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை திங்கிறேன்."

*

மறுநாள் காலை என்ஜின் கொட்டகைக்கு வந்தது. புடவையில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் கயிறு கட்டி வந்தது.

"குளிருமா அதுக்கு?" என்றாள் தில்லை.

"தூசி படக்கூடாதுல்ல."

பழைய என்ஜின். பக்கிரி வாங்கும்போதே இன்னொருவர் கையில் இருந்து வந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. பவளம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "நான் கொஞ்ச நேரம் பிடிக்கவா?" என்று கைப்பிடியைக் காட்டிக் கேட்பாள்.

"கைய வைக்காதே. சுட்டுடும்."

கேட்டுக் கேட்டு ஒரு வயதில் கேட்பதை விட்டுவிட்டாள். கைப்பிடி சுடாது என்பது அவளுக்கும் தெரியும்.

பக்கிரி என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார்.

"இத இதுக்கு முன்னாடி எப்ப திறந்தீங்க?"

"திறந்ததே இல்ல."

"ஏன்?"

"நல்லா இருக்கட்டும்னு."

தில்லை ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். விறகடுப்பில் கிடந்த சட்டி மாதிரி கரிப்பிடித்து, எண்ணெயில் நனைந்திருந்தது. புதிது வாங்கி வந்திருந்தார். அதன் முனைக்கும் கம்பிக்கும் நடுவில் இரும்பறுக்கிற ஆக்ஸா பிளேடை விட்டு இடைவெளி சரி பார்க்கச் சொன்னாள்.

"இடைவெளி எதுக்கு? ரெண்டும் ஒட்டியே இருந்தா நல்லதுதானே?"

"ஒட்டியே இருந்தா பொறி எங்க குதிக்கும்?"

பக்கிரி பிளேடை விட்டு, எடுத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். பிளக்கை மாட்டி இறுக்கினார்.

"போதும்."

"இன்னும் ஒரு சுத்து."

"போதும் மாமா."

"கழண்டு விழுந்துட்டா?"

"விழாது. அடுத்த தடவை கழட்டப்போறதும் நீங்கதான். பாத்துக்கங்க."

அரை மனசாகக் கையை எடுத்தார்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பழுப்பாக வண்டல்.

"பாதி ஆறு இதுக்குள்ளதான் இருக்கு," என்றாள் தில்லை. "மீன் இருக்கான்னு பாருங்க."

பெட்ரோலில் கழுவினார். சின்னத் துளைகளில் வாயை வைத்து ஊதினார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, முகம் சிவந்தது.

"கல்யாண வீட்டுக்கு நாயனத்துக்கு ஆள் தேடுறாங்களாம். சொல்லி வைக்கவா?"

"கிண்டலா உனக்கு?"

ஆனால் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துளை வழியே வானம் புள்ளியாகத் தெரிந்தபோது, ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது.

அடுத்தது அடியில் இருக்கிற கியர் எண்ணெய். கீழ்த் திருகைக் கழற்றிவிட்டுத் தட்டை ஏந்தினார். ஒரு சொட்டு வந்தது. வந்து தொங்கியது. விழவில்லை.

காத்திருந்தார். தட்டிப் பார்த்தார். குனிந்து துளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெயே இல்ல போலிருக்கு."

தில்லை வாய் நிறையக் கடலை. மோவாயால் மேலே காட்டினாள். சற்று மேலே இன்னொரு திருகு இருந்தது.

"அது எதுக்கு? வர வேண்டியது கீழதானே?"

மறுபடி மோவாயை ஆட்டினாள்.

மேல் திருகை அவர் இளக்கினாரோ இல்லையோ, கீழே எண்ணெய் மளமளவென்று கொட்டியது. தண்ணீர் கலந்து, பால் ஊற்றிய டீ மாதிரி.

"மேல தொறந்தா கீழ கொட்டுது. அதிசயமா இருக்கே."

"அதிசயமா இருக்கா? அப்ப ஞாபகம் வச்சுக்கங்க."

புது எண்ணெயை ஊற்றி, திருகுகளை மூடி, என்ஜினைத் தூக்கிப் பலகையில் மாட்டி, அதன் கால் தண்ணீரில் இருக்கும்படி நீல டிரம் ஒன்றை வைத்தார்கள். பக்கிரி தன் பெட்ரோல் டேங்க்கைக் கொண்டுவந்து குழாயை மாட்டினார். கயிற்றை இழுத்தார்.

முன்னெல்லாம் தோள்பட்டை கழன்றுவிடும். இன்றைக்கு இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"மூத்திரம் போகுதா பாருங்க," என்றாள் தில்லை.

என்ஜினைக் குளிரவைத்த தண்ணீர் பக்கவாட்டில் கம்பி மாதிரி பீச்சும். துறையில் அதற்கு அதுதான் பேர். பீச்சவில்லை என்றால் உள்ளே சூடாகிறது என்று அர்த்தம்.

"போகலையே."

"அடைச்சிருக்கும்."

ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் துளையில் குத்தினார். தண்ணீர் சர்ரென்று அவர் சட்டையில் அடித்தது. மூக்கிலும் கொஞ்சம்.

பக்கிரி நனைந்தபடி நின்று சிரித்தார். கோழி ஓடிப்போய்த் தூர நின்று பார்த்தது.

"இப்ப கண்ண மூடிக்கிட்டு இந்தக் குட்டித் திருகத் திருப்புங்க. காதால கேளுங்க."

இறுக்கினார். என்ஜின் இருமியது. இன்னும் இறுக்கினார். சாகப் பார்த்தது. பயந்துபோய் இளக்கினார். மெல்ல மெல்லச் சத்தம் நிதானத்துக்கு வந்தது.

"எப்படி இருக்கு?"

"பவளம் குறட்டை விட்டுத் தூங்குற மாதிரி இருக்கு."

"அங்கயே விடுங்க."

டிரம் தண்ணீர் சூடாகும் முன்னே என்ஜினை நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப இனிமே நிக்காது?" என்றார் பக்கிரி.

தில்லை அந்தச் சிவப்புத் தகர டேங்க்கைப் பார்த்தாள். அதன் மூடி தெரியவில்லை. காய்ந்து வெடித்த சந்தனம் அப்பளக் கனத்துக்கு அப்பியிருந்தது. நடுமத்தியில் பெரிய குங்குமப் பொட்டு.

"இது யாரு வச்சது?"

"நான்தான். வெள்ளிக்கு வெள்ளி தவறாது. பெட்ரோல்தானே படகுக்கு உசிரு?"

"நல்லாக் கனமா வச்சிருக்கீங்க."

"சாமி விசயத்துல நான் குறை வச்சதே இல்ல."

தில்லை கடலைத் தோலை ஊதினாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"என்ன கேட்ட?"

"நடு ஆறு வரைக்கும் ஏன் ஓடுது?"

"இதென்ன கேள்வி? பெட்ரோல் இருக்கு, ஓடுது."

"நடு ஆத்துல பெட்ரோல் இல்லையா?"

"பாதி டேங்க் அப்படியே இருக்கும்."

"அப்ப?"

பக்கிரிக்குக் கோபம் வந்தது. என்ஜினைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பாதி வழி வந்தது. பதில் வரவில்லை. வீடே வந்துவிட்டது. அப்போதும் வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை.

படகு நிறையப் பெண்கள். பெண்கள் மடி நிறையத் தட்டு. கண்ணாடி வளையல், பூ, பழம், புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு. பக்கிரியின் மனைவி சௌந்தரம் பட்டுப்புடவையில், தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வரலையா தில்லை?"

"இடம் எங்க இருக்கு? நீங்க போய் அழைச்சிட்டு வாங்க மாமி. நான் ஆரத்தி கரைச்சு வைக்கிறேன்."

பக்கிரி அன்றைக்கு விடியுமுன்னே எழுந்து, டேங்க்கைத் துடைத்து, புதுச் சந்தனம் அரைத்துப் பூசியிருந்தார். விசேஷ நாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. பெண்கள் குலவையிட்டார்கள்.

என்ன ஓட்டம் அது. புகை இல்லை, இருமல் இல்லை. பக்கவாட்டில் தண்ணீர் கம்பியாகப் பீச்சியது. தன் கையால் கழற்றி, தன் கையால் மாட்டியது. ஒவ்வொரு திருகும் உள்ளே எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இது வரைக்கும் என்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் அதனோடு பேசுகிற மாதிரி இருந்தது.

எதிர்க்கரை நெருங்கி வந்தது. சம்பந்தியம்மா குடையோடு நிற்பது தெரிந்தது. பக்கத்தில் பச்சைப் பட்டில், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பவளம்.

நடு ஆற்றில் என்ஜின் ஒரு விக்கல் விக்கியது. இன்னொரு விக்கல்.

நின்றது.

சத்தம் போன பிறகுதான் காக்கை கத்துவது கேட்டது.

கயிற்றை இழுத்தார். இல்லை. இழுத்தார். இல்லை.

"கழிய ஊனித் தள்ளலாமா?" என்றாள் ஒரு பெண். ஆழம் இல்லாத ஆறு. ஆபத்து ஒன்றும் கிடையாது.

"வேணாம்."

கழியை எடுத்தால் அந்தக் கரையில் தெரிந்துவிடும். தெரியாமலா இருக்கும்? சம்பந்தியம்மா குடையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கரைமேட்டில் வேன் நின்றது.

பக்கிரி என்ஜின் மூடியைத் திறந்தார். பிளக் சுத்தம். கார்புரேட்டர் சுத்தம். எதைத் தொட்டாலும் சுத்தம். மறுபடி கயிற்றைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கன்னம் உள்ளே ஒட்டியது.

"மூச்ச விடுங்க," என்றாள் சௌந்தரம்.

"என்ன?"

"கரையிலேருந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வர்றீங்க. மொதல்ல மூச்ச விடுங்க. அப்பறம் கயித்த இழுக்கலாம்."

அதட்டத்தான் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. அத்தனை மூச்சு தனக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. தோள் இறங்கியது. தலை குனிந்தது.

குனிந்த கண்ணில் டேங்க் பட்டது.

அதன் தகரக் கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப் போயிருந்தன. குழாயின் நடுவில் இருக்கிற ரப்பர்க் குமிழும் வற்றிச் சப்பையாகக் கிடந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்கிற மாதிரி.

பக்கிரி அசையவில்லை.

ஒரு சொட்டு வந்து தொங்குகிறது. விழவில்லை.

மேல் திருகு.

பாய்ந்து போய் டேங்க் மூடியை நகத்தால் சுரண்டினார்.

"ஐயோ, சாமிக்கு வச்சதுங்க," என்றாள் சௌந்தரம்.

"சாமி கோவிச்சுக்காது. உன் கொண்டை ஊசியக் குடு."

சந்தனத்துக்கு அடியில், மூடியின் நடுமத்தியில், ஒரு துளை இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி அவர் பொட்டு வைத்த அதே இடம். ஊசியை விட்டுக் குத்தினார்.

உஸ்ஸ்ஸ்.

டேங்க் மூச்சு வாங்கியது. நீளமாக, நிதானமாக, நெடுநாள் தாகத்தோடு. அப்புறம் டொப்பென்று கன்னம் இரண்டும் உப்பி வெளியே வந்தன. தட்டு ஏந்திய பெண்கள் எல்லாரும் ஒரு துள்ளு துள்ளினார்கள்.

ரப்பர்க் குமிழை அமுக்கினார். உள்ளே பெட்ரோல் ஓடி வந்து கையை முட்டியது.

ஒரே இழுப்பு.

இந்தத் தடவை குலவை படகிலிருந்து வந்ததா, கரையிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை.

*

"நடுவுல நின்னுச்சு," என்றார் சம்பந்தியம்மா.

"நின்னுச்சுங்க."

"நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குங்க. ஏன் நின்னுச்சுன்னு இப்ப தெரியும். மறுபடி நிக்காது."

நடந்ததைச் சொன்னார். டேங்க்குக்குள் இருந்த காற்று நடு ஆறு வரைக்கும்தான் தாங்கியது, சந்தனம் துளையை அடைத்ததால் புதுக் காற்று போகாமல் பெட்ரோல் வரவில்லை என்றார். எதையும் மறைக்கவில்லை. சந்தனம் ஒட்டிய விரல் நகத்தைக்கூடக் காட்டினார்.

சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே வந்தார். முகம் மெல்ல மெல்லக் கோணியது. அப்புறம் குடை குலுங்கச் சிரித்தார்.

"எண்ணெய் டின்னுக்கு ரெண்டு ஓட்டை போட்டாத்தான் ஊத்தும்னு எங்க வீட்டுக் குட்டிப் பிள்ளைக்குத் தெரியும் சம்பந்தி. என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு."

"அது நியாயம்தான்."

வேன்காரனுக்கு ஒரு இலை புளிச்சோறு போட்டு அனுப்பிவிட்டார்.

*

வளைகாப்பு முடிந்து திரும்பும்போது பவளம் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வளையல். கன்னத்தில் சந்தனம். என்ஜின் அதிர்வில் வளையல்கள் தாமாகவே கிலுகிலுவென்று பேசிக்கொண்டிருந்தன.

பக்கிரி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நத்தை தோற்றுவிடும், அப்படி ஓட்டினார். தூரத்தில் அலை என்று ஒன்று எழுந்தால்கூட இங்கே வேகத்தைக் குறைத்தார். நடு ஆறு வந்தது. என்ஜின் குறட்டை மாறவில்லை. நடு ஆறு பின்னால் போனது.

"அப்பா."

"என்னம்மா? வலிக்குதா? குலுக்குதா?"

"இல்லப்பா." அவள் கைப்பிடியைப் பார்த்தாள். "நான் கொஞ்ச நேரம் பிடிக்கவா?"

பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சுட்டுடும்.

பக்கிரி டேங்க்கைப் பார்த்தார். மூடியில் ஊசித்துளை. அதைச் சுற்றிச் சந்தனத்தின் மிச்சம், மஞ்சளாக.

நகர்ந்து உட்கார்ந்தார்.

"வா."

"ஏங்க," என்றாள் சௌந்தரம். "மாசமா இருக்கிறவ."

"உக்காந்துக்கிட்டுத்தானே பிடிக்கப்போறா? நீ மூச்ச விடு."

பவளம் கைப்பிடியைப் பிடித்தாள். முதலில் மெல்ல. பிறகு ஒரு முறுக்கு முறுக்கினாள். படகு மூக்கைத் தூக்கியது. தெறித்த தண்ணீர் மிச்ச எலுமிச்சைச் சோறு இருந்த வாளியில் விழுந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. நண்டுமேட்டுக் கரையில் ஒரு குடை மேலும் கீழும் ஆடிக்கொண்டே ஏதோ கத்தியது. காற்று அதைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

பக்கிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் படகில் சும்மா உட்கார்ந்து வருவது இதுதான் அவருக்கு முதல் தடவை. இந்த ஆறு இவ்வளவு அகலம் என்று அவர் நினைத்ததே இல்லை.

சிப்பித்துறையில் தில்லை ஆரத்தித் தட்டோடு நின்றாள். வெயிலுக்குக் கண்ணை மறைத்துப் பார்த்தாள். என்ஜின் பக்கத்தில் பவளம் உட்கார்ந்திருப்பதையும் கைப்பிடி அவள் கையில் இருப்பதையும் பார்த்தாள்.

படகு கரை தட்டுமுன்னே பக்கிரி முழங்கால் தண்ணீரில் குதித்தார். வேட்டி நனைய ஓடி வந்தார்.

"தில்லை, பதில் கிடைச்சிடுச்சு. நடு ஆறு வரைக்கும் ஏன் ஓடுச்சுன்னா..."

"சொல்ல வேணாம் மாமா," என்றாள் தில்லை. "பாத்துட்டேன்."